காணாமல் போன எழுநூற்று இரண்டு வாட்

அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை ஒட்டி, ஆதிலட்சுமிக்கு வீட்டு முன்னறையில் ஒரு கடை இருந்தது. கல்யாண ஆல்பம், மஞ்சள் நீராட்டு விழா பேனர், காதுகுத்து அழைப்பிதழ், பைக் ஸ்டிக்கர், கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனிதனுக்குப் பிறந்ததிலிருந்து போய்ச் சேரும் வரை தேவைப்படும் அத்தனையையும் ஒரே கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தாள். கம்ப்யூட்டர் சூடாகிறது என்று அதன் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, ஒரு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருப்பாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. கதவு மூடியிருந்தால் உள்ளே ஒட்டியிருந்த லேபிள் தருமன் கண்ணில் பட்டிருக்காது.

தருமன், மின்கொள்ளளவு நெறிமுறை ஆணையத்தின் கள அளவர். இந்த ஆணையத்துக்கும் கரண்ட் பில் கட்டும் ஆபீஸுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மின்சாரத்தைத் தயாரிப்பது, கொடுப்பது, நிறுத்துவது எதுவும் இவர்கள் பொறுப்பில்லை. ஒவ்வொரு சாதனமும் தன்மேல் எழுதியிருக்கிறபடி நடந்துகொள்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் பொறுப்பு. அதை எதற்காகப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, அந்தக் கேள்வியை ஆராய ஒரு துணை ஆணையம் அமைக்கப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது.

ஆடி மாதம். புது முகூர்த்தம் இல்லை. ஆனியில் நடந்த அபிநயா கல்யாணத்தின் ஆல்பமும் வீடியோவும் மட்டும் பாக்கி. எந்தப் படம் பெரிதாக வர வேண்டும் என்று பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்ததால், ஆதிலட்சுமி கம்ப்யூட்டரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தருமன் உள்ளே வந்தார். குனிந்து லேபிளைப் படித்தார்.

"ஏம்மா, இதுல எழுநூத்தி அம்பது வாட்டுனு போட்டிருக்கு."

"அது எஸ்எம்பிஎஸ் சார். கரண்ட்ட வாங்கி உள்ள இருக்கறதுக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்கற டப்பா. அவ்ளோ வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு. கடைக்காரரு, நாளைக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு கிர்டு போடுவீங்க, பெரிசாவே வாங்கிக்கோங்கனு தலையில கட்டிட்டாரு."

தருமன் பையிலிருந்து, சுவர் பிளக்குக்கும் ஒயருக்கும் நடுவில் சொருகுகிற ஒரு சின்ன மீட்டரை எடுத்து மாட்டினார். கம்ப்யூட்டர் மறுபடியும் எழுந்து, அபிநயாவின் சிரித்த முகத்தைத் திரையில் காட்டி அமைதியானது. மீட்டரைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"நாப்பத்தெட்டு."

"இப்ப சும்மாதான சார் இருக்கு. வேலை செஞ்சா ஜாஸ்தி எடுக்கும்."

"சும்மான்னா?"

"ஆன்ல இருக்கு. ஒண்ணும் செய்யல."

தருமனுக்கு அது உடனே புரிந்தது. நெடுநாள் சர்வீஸில் இருப்பவர். புரியாமல் போனது அடுத்த விஷயம்தான். "ஒண்ணும் செய்யலன்றதுக்கு எதுக்கும்மா கம்மியா எடுக்குது?" என்று கேட்டார். பிறகு பேனாவை எடுத்து, உள்ளங்கையில் கழித்தல் கணக்குப் போட்டார். "சரி, அத விடு. எழுநூத்தி அம்பதுல நாப்பத்தெட்டு போச்சுன்னா எழுநூத்தி ரெண்டு. அது எங்க?"

"எது சார்?"

"மீதி."

"மீதி வரவே இல்ல சார்."

"வரலனு உனக்கு எப்படித் தெரியும்? கரண்ட்டு கண்ணுக்குத் தெரியுதா?"

கண்ணுக்குத் தெரியாததுதான். தருமன் சுவரில் காதை வைத்துக் கேட்டார். அந்தப் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம்.

"அங்க இன்னா ஓடுது?"

"சந்திரம்மா அக்காவோட டிபன் கடை கிரைண்டரு."

"செவரு ஒண்ணா?"

"செவரு ஒண்ணுதான். மீட்டரு வேற வேற."

தருமன் 'சுவர் பொது' என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். பிறகு டிபன் கடைக்குப் போய் ஒரு காபி குடித்துக்கொண்டே, சந்திரம்மாளின் கிரைண்டர் பக்கத்துக் கடையிலிருந்து வந்த எழுநூற்று இரண்டு வாட்டில் ஓடுகிறதா என்று மரியாதையாக விசாரித்தார்.

"இன்னாய்யா நீ," என்றாள் சந்திரம்மாள். "என் காபிய குடிச்சினே என்னை கரண்ட்டு திருடின்ற."

"திருடினு சொல்லலம்மா. பெறுநர்னு எழுதியிருக்கேன்."

நோட்டீஸ் வந்தது. 'தங்கள் சாதனத்துக்குரிய 702 வாட் கணக்கில் வராதது குறித்து, தாங்களும் பெறுநர் எனக் கருதப்படுபவரும் நேரில் ஆஜராகி விளக்கமளிக்கவும். தவறினால் சாதனம் முத்திரையிடப்படும்' என்று அதில் இருந்தது.

ஆதிலட்சுமியின் கணவன் அப்பாதுரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நல்லவன். முத்திரை குத்திய காகிதம் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற பழக்கம் மட்டும் அவனுக்கு உண்டு. நோட்டீஸை இரண்டு முறை படித்துவிட்டு வாசற்கதவைச் சாத்தினான்.

"யாருக்காச்சும் குடுத்தியா?"

"என்னத்த?"

"அந்த எழுநூத்தி ரெண்ட."

"அப்படி ஒண்ணே கிடையாதுங்க. நீங்க ஓட்டல்ல ரெண்டு இட்லி சாப்ட்டுட்டு வந்தா, மீதி இட்லிய திருடிட்டீங்கன்னு அர்த்தமா?"

அப்பாதுரை யோசித்தான். இட்லி விஷயத்தில் அவள் சொல்வது சரியாகத்தான் பட்டது. ஆனால் இட்லிக்கு நோட்டீஸ் வரவில்லையே. அவன் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். பரணில் ஏறி, கழற்றிப் போட்ட கம்ப்யூட்டர் கதவை நகர்த்திப் பார்த்தான்.

"ஒரு வாட்டு எம்மாம் பெரிசு இருக்கும்?" என்று மேலேயிருந்து கேட்டான்.

ஆதிலட்சுமியின் கவலை வேறு. கம்ப்யூட்டருக்கு முத்திரை வைத்தால் அபிநயாவின் கல்யாணம் முழுவதும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பெண் ஆவணியில் புருஷனோடு பெங்களூர் போகிறாள். அதற்குள் கொடுக்காவிட்டால் இந்த வட்டாரத்தில் அடுத்த கல்யாணம் ஒன்றும் அவள் கடைப் படி ஏறாது.

ஆணையத்தின் மாவட்ட அலுவலகம், திருவண்ணாமலையில் முன்பு கல்யாண மண்டபமாக இருந்த ஒரு கட்டடத்தில் இயங்கியது. ஆதிலட்சுமிக்கு அந்த மண்டபம் அத்துப்படி. அங்கே எடுத்த எத்தனையோ பேரின் தாலி கட்டும் படங்களை அவள் திருத்திக் கொடுத்திருக்கிறாள். ஆபீஸ் வந்த பிறகும் பெரிதாக எதுவும் மாறியிருக்கவில்லை. வாசலில் 'நல்வரவு' என்று சீரியல் பல்பு கோத்த வளைவு அப்படியே நின்றது. சாப்பாட்டுக் கூடத்தில் கோப்புகள் பந்தி பந்தியாக உட்கார்ந்திருந்தன. மணமகள் அறைக்குமேல் 'குறைவுப் பிரிவு' என்றும், மணமகன் அறைக்குமேல் 'மிகைப் பிரிவு' என்றும் பலகை மாட்டியிருந்தார்கள்.

மணமேடையில் மாவட்டத் தலைமை நெறியாளர் சக்கரவர்த்தி அமர்ந்திருந்தார். முதுகு உயர்ந்த சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டும் அங்கேயே இருந்தன. மாப்பிள்ளை நாற்காலியில் அவர். மணப்பெண் நாற்காலியில் அவருடைய டிபன் கேரியர். அவருக்கு முன்னால் இருந்த பெயர்ப் பலகையில் பட்டங்களும் பட்டயங்களும் பயிற்சிகளும் மூன்று வரிக்குப் போயிருந்தன.

"சொல்லுங்கம்மா," என்றார். "எழுநூத்தி ரெண்டு எங்க?"

ஆதிலட்சுமி வழியெல்லாம் யோசித்து ஒரு உதாரணம் வைத்திருந்தாள். "சார், இந்த மண்டபத்துல ஐந்நூறு பேர் சாப்புடலாம்னு வெளிய போட்டிருந்துச்சு. ஒரு விசேஷத்துக்குப் பத்தே பேரு வந்து சாப்ட்டாங்கன்னு வைங்க. மீதி நானூத்தித் தொண்ணூறு பேர யாரோ கடத்திட்டாங்கன்னு சொல்லுவீங்களா?"

சக்கரவர்த்தி கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்து, "அந்த நானூத்தித் தொண்ணூறு பேரும் தாங்க வரலன்னு எழுதிக் குடுத்திருக்காங்களா?" என்றார்.

"வராதவங்க எப்படி சார் எழுதிக் குடுப்பாங்க?"

"அப்ப வந்துட்டுப் போயிருக்கலாம். நாம நல்லதையே நினைக்கணும்னு சட்டத்துல எங்கயும் இல்லம்மா."

மனைவி தோற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அப்பாதுரையால் முடியவில்லை. எழுந்து கைகட்டி நின்றான். "சார், நம்ம ஆட்டோ மீட்டர்ல எம்பது கிலோமீட்டர் ஸ்பீடு வரைக்கும் நம்பர் போட்டிருக்கு. நான் முப்பதுக்கு மேல போனதே இல்ல சார்."

"மீதி அம்பதை என்ன பண்றீங்க?"

அப்பாதுரை மனப்பூர்வமாக யோசித்தான். "வூட்டுக்கு எடுத்துனு போறதில்ல சார்," என்றான்.

"குறிச்சுக்கோங்க," என்றார் சக்கரவர்த்தி. குறைவுப் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்து வந்து குறித்துக்கொண்டு போனார். ஆதிலட்சுமி கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

சந்திரம்மாளின் முறை வந்தது. அவள் மடியில் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஊறப் போட்ட அரிசி. விசாரணை எத்தனை நேரம் போகுமோ, திரும்பிப் போகிற வழியில் எங்காவது அரைத்துக்கொண்டு போகலாம் என்று எடுத்து வந்திருந்தாள். "எனக்கு வாட்டுன்னாலும் தெரியாது, ஒண்ணும் தெரியாது," என்றாள். "கிரைண்டர போட்டா சுத்தும். நிறுத்தினா நிக்கும். சாயங்காலம் கடை தொறக்கணும், சீக்கிரம் வுடு."

சக்கரவர்த்தி அவளைக் கடந்து ஆதிலட்சுமியிடம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். அப்போதுதான் அவர் கோபத்தில் இல்லை, உண்மையிலேயே கவலையில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பாருங்கம்மா. திருட்டு கூட ரெண்டாம் பட்சம். திருட்ட நாங்க பாத்துக்குவோம். வேலை இல்லன்னா உங்க கம்ப்யூட்டர் கம்மியா எடுத்துக்குதுன்னு சொல்றீங்களே, அதுதான் எனக்குத் தூக்கத்தக் கெடுக்குது. இப்ப என்னையே எடுத்துக்கோங்க. காலையில வந்து இங்க உக்கார்றேன். சாயங்காலம் எழுந்து போறேன். நடுவுல ஒண்ணும் நடக்கறதில்ல. சில நாள் ஒரு கையெழுத்து இருக்கும். அதுவும் நான் வந்துட்டேன்னு போடற கையெழுத்து. ஆனா சம்பளம்னு வந்தா, என் தகுதிக்கு என்ன போட்டிருக்கோ அத முழுசா வாங்கறேன். ஒரு பைசா குறைச்சு வாங்குனது கிடையாது. ஏன்? அதுக்குப் பேருதான் ஒழுங்கு. சும்மாதான இருக்கோம்னு நான் கம்மியா வாங்கிட்டேன்னு வைங்க, எனக்கு மேல இருக்கறவரு மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுக்குவாரு?"

மண்டபத்தில் இருந்த ஊழியர்கள் மெல்லத் தலையாட்டினார்கள்.

"உங்க மிஷின் என்ன பண்ணுது? வேலை இருந்தா அதுக்குத் தகுந்தாப்பல எடுத்துக்குது. இல்லன்னா அடங்கிக் கிடக்குது. இன்னைக்கு இது அடி அண்ணாமலையில ஒரு மிஷின்ல இருக்கு. நாளைக்கு இது மனுஷங்களுக்குப் பரவாதுன்னு என்னம்மா நிச்சயம்? எனக்கு மூணு பிள்ளைங்க இருக்கு."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சக்கரவர்த்தி தண்ணீர் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். கம்ப்யூட்டரை இந்த மேடைக்குக் கொண்டுவர வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் அது எழுநூற்று ஐம்பது வாட்டை எடுத்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் வழக்கு இல்லை.

"அது எடுக்காது சார்," என்றாள் ஆதிலட்சுமி.

"முயற்சி பண்ணட்டும்," என்றார்.

கம்ப்யூட்டர் அப்பாதுரையின் ஆட்டோவில், இரண்டு பயணிகளின் இடத்தை எடுத்துக்கொண்டு வந்தது. மாவட்டத்தின் முதல் முழுக்கொள்ளளவுப் பரிசோதனை என்பதால் மேடையில் கோலம் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். தேங்காய்த் தண்ணீர் உள்ளே போகாமல் ஆதிலட்சுமி முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

தருமன் மீட்டரைச் சொருகினார். நாற்பத்தெட்டு.

"வேலை குடுங்க," என்றார் சக்கரவர்த்தி.

அவள் அபிநயாவின் கல்யாண வீடியோவை முழுசாகக் கோத்து எடுக்கும் வேலையை ஓட விட்டாள். எப்படியும் செய்ய வேண்டிய வேலை. கம்ப்யூட்டருக்குள் ஃபேன் சீறியது. மீட்டர் எண்பது, தொண்ணூறு என்று ஏறி, நூற்றுப் பத்தில் நின்றது. ஊழியர்கள் எல்லோரும் மேடையேறி வந்து திரையைச் சுற்றி நின்றார்கள். பொண்ணுக்கு எந்த ஊர் என்று ஒருவர் கேட்டார். முகூர்த்தப் புடவை ஆரணியா காஞ்சிபுரமா என்று குறைவுப் பிரிவுக்கும் மிகைப் பிரிவுக்கும் கருத்து வேறுபாடு வந்தது.

"நூத்திப் பத்துக்கு மேல போகல சார்," என்றார் தருமன்.

சக்கரவர்த்தி சட்டப் புத்தகத்தை வரவழைத்தார். கணினி என்றால் கணினியும் அதன் துணைச் சாதனங்களும் என்று அதில் இருந்தது. எவையெல்லாம் துணைச் சாதனங்கள் என்று இல்லை. மண்டபத்துச் சமையலறையில் அந்தக் காலத்துப் பெரிய கிரைண்டர் ஒன்று கிடந்தது. அதை நான்கு பேர் உருட்டி வந்து மேடையில், கம்ப்யூட்டருக்கு வலது பக்கம் நிறுத்தினார்கள். இரண்டு ஒயரும் ஒரே மீட்டர் வழியாகப் போகும்படி தருமன் இணைத்தார்.

"சார், கிரைண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இன்னா சார் சம்பந்தம்?" என்றாள் ஆதிலட்சுமி.

"பக்கத்துல பக்கத்துல நிக்குதில்ல," என்றார் சக்கரவர்த்தி.

கிரைண்டர் வெறுமனே சுற்றியது. ஐந்நூற்றுப் பத்து. வாசல் வளைவின் சீரியல் பல்புகளும் துணைச் சாதனமாக அறிவிக்கப்பட்டு, அதே மீட்டரில் இணைக்கப்பட்டன. பல்புகளை ஒவ்வொரு வரிசையாகப் போடப் போட மீட்டர் ஏறியது. அறுநூற்று முப்பது. எழுநூறு. 'நல்வரவு' என்பதில் கடைசி 'வு' எரிந்தபோது, மீட்டர் எழுநூற்று ஐம்பதில் வந்து நின்றது.

மண்டபம் கைதட்டியது. சக்கரவர்த்தி எழுந்து நின்றார். அப்பாதுரைக்குக் கண் கலங்கியது. ஆதிலட்சுமிக்கேகூட, சம்பந்தமே இல்லாமல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்த நேரத்தில் சந்திரம்மாள், கிரைண்டர் வெறும் கல்லாகச் சுற்றுவதைப் பார்த்தாள். அன்றைக்கும் அரிசியை ஊறப் போட்டு எடுத்து வந்திருந்தாள். "சும்மா ஓடுதே, கல்லு தேஞ்சிடாது?" என்று சொல்லிக்கொண்டே மேடையேறி, பாத்திரத்தைக் கவிழ்த்தாள்.

கிரைண்டர் முனகியது. மீட்டர் எண்ணூற்றுப் பன்னிரண்டுக்குப் போனது.

கைதட்டல் நின்றது. "அறுபத்திரெண்டு ஜாஸ்தி," என்றார் தருமன், மெதுவாக.

"இந்த அறுபத்திரெண்டு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார் சக்கரவர்த்தி.

"சார், அந்த எழுநூத்தி ரெண்டுல இத கழிச்சுக்கோங்க," என்றாள் ஆதிலட்சுமி. வேறு வழி தெரியவில்லை.

அது முடியாது. காணாமல் போனது குறைவுப் பிரிவு. கூடுதலாக வந்தது மிகைப் பிரிவு. மணமகள் அறைக்கும் மணமகன் அறைக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. ஆகவே அவள்மேல் இப்போது இரண்டு வழக்குகள். தீரும் வரை கம்ப்யூட்டர் ஆணையத்தின் பாதுகாப்பில் மேடையிலேயே இருக்கும் என்று உத்தரவானது. மாவை மட்டும் சந்திரம்மாள் வழித்து எடுத்துக்கொண்டு போக அனுமதித்தார்கள்.

அபிநயாவின் அம்மா போன் செய்தாள். "ஏம்மா, ஆல்பம் இன்னா ஆச்சு?"

"மண்டபத்துல மணமேடையில இருக்கும்மா. மாலையெல்லாம் போட்டு வெச்சிருக்காங்க."

"கல்யாணம் ஆனியிலேயே முடிஞ்சுடுச்சேம்மா," என்றாள் அந்த அம்மா.

ஆதிலட்சுமி அன்று முழுக்கக் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் இல்லாத மேஜையைப் பார்த்தாள். நியாயத்தைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. உதாரணம் சொல்லியாகிவிட்டது. மேடையில் ஏற்றியும் காட்டியாகிவிட்டது. அவர்களில் ஒருவர்கூடக் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை, லேபிளைத்தான் பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. லேபிள்தான் பிரச்சினை என்றால், அவளே ஸ்டிக்கர் அடிக்கிறவள்தானே.

செங்கம் ரோட்டில் தெரிந்தவர் கடைக்குப் போய், அவர்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வெள்ளி நிறத்தில் சின்னதாக ஒன்று அடித்தாள். பழைய லேபிளில் இருந்தது போலவே எழுத்து. எண் மட்டும் 48. அதை எடுத்துக்கொண்டு நேராக மண்டபத்துக்குப் போனாள்.

ரகசியமாக ஒட்ட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். மேடையில் அதற்கு மறைவு இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஸ்டிக்கரை உரித்தபோது, தருமன் பக்கத்தில் வந்து குனிந்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள்.

"நேரா ஒட்டும்மா," என்றார் தருமன். "கோணலா இருந்தா சாரு ஒத்துக்க மாட்டாரு."

எழுதியிருப்பதைப் படிக்கத்தான் அவர்களுக்கு உத்தரவு இருந்தது. யார் எழுதியது என்று கேட்க உத்தரவு இல்லை. அவள் மறு ஆய்வு வேண்டும் என்று கேட்டாள். கம்ப்யூட்டரைப் போட்டு, எந்த வேலையும் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தருமன் லேபிளைப் படித்தார். "நாப்பத்தெட்டு." மீட்டரைப் படித்தார். "நாப்பத்தெட்டு."

சக்கரவர்த்தி மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தானே ஒருமுறை படித்தார். "இப்ப இது ஏதாச்சும் வேலை செய்யுதா?"

"ஒண்ணும் இல்ல சார். சும்மாதான் இருக்கு."

"சும்மா இருக்கு. ஆனா முழுசா வாங்குது." அவர் லேபிளையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "குறைவு இல்ல. மிகை இல்ல. இந்த மாவட்டத்துல இப்படி ஒண்ண நான் பாப்பேன்னு நினைக்கலம்மா." கம்ப்யூட்டரின் தலையில் கை வைத்தார். ஊழியர்களைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்து, இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி சொன்னார். அவர்களுக்கு அதில் கற்க எதுவும் பாக்கியில்லை. ஆனாலும் மரியாதைக்காகப் பார்த்தார்கள். இரண்டு வழக்குகளும் முடிந்தன. போகும்போது கம்ப்யூட்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அபிநயாவின் ஆல்பமும் வீடியோவும் ஆவணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. ஆல்பத்தைச் சுற்றியிருந்த பொன்னாடைக்கு மட்டும் மாப்பிள்ளை வீட்டார் அர்த்தம் கேட்டார்கள். கம்ப்யூட்டரைச் சுற்றி வந்தது என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் ஊரில் பரவியது. முதலில் ஒரு நெட் சென்டர்காரர் லேபிள் அடிக்க வந்தார். பிறகு லாட்ஜ் வைத்திருப்பவர்கள் ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் வந்தார்கள். ரமணாசிரமம் பக்கத்தில் கஃபே நடத்தும் ஒரு ஜெர்மன்காரர் காபி மிஷினுக்கு அடித்துக்கொண்டு, தன் தியான அறைக் கதவுக்கும் ஒன்று சேர்த்துப் போட முடியுமா என்று கேட்டார். என்ன எண் போடுவது என்று அவள் கேட்டதற்கு, அதைத்தான் இத்தனை வருடமாகத் தேடுவதாகச் சொன்னார். ஒரு பூஜ்யம் போட்டுக் கொடுத்தாள். மிகவும் சந்தோஷமாகப் போனார். அப்பாதுரை தன் ஆட்டோவின் ஸ்பீடு மீட்டரில் முப்பதுக்கு மேலுள்ள எண்களை மறைத்து ஒட்டிக்கொண்டான். அன்றிலிருந்து நிம்மதியாகத் தூங்கினான்.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம், கடை வாசலில் ஆணையத்தின் ஜீப் வந்து நின்றது. சக்கரவர்த்தி இறங்கினார். கூட யாரும் இல்லை. உள்ளே வந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் துணியில் சுற்றிய ஒரு பொருள்.

"தலைமை ஆபீஸ்லேர்ந்து ஆய்வுக் குழு வருதும்மா," என்றார். "இந்தத் தடவ சாதனங்கள இல்ல. எங்கள."

"உங்கள எப்படி சார் அளப்பாங்க?"

"பேர்ப் பலகையில என்ன போட்டிருக்கோ அத ஒரு பக்கம் எழுதுவாங்களாம். என்ன செய்யறோமோ அத ஒரு பக்கம் எழுதுவாங்களாம். கழிப்பாங்களாம்." துணியைப் பிரித்தார். மூன்று வரிப் பலகை. "நான் உங்ககிட்ட மறைக்க விரும்பலம்மா. வித்தியாசம் ரொம்ப வரும்."

ஆதிலட்சுமிக்கு, தன்னிடம் கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்க வேண்டும் போல நாக்கு துறுதுறுத்தது. அவருடைய முகத்தைப் பார்த்தாள். எழுநூற்று இரண்டு வாட்டைத் தொலைத்தவன் முகம் அது. கேட்கவில்லை.

"பட்டமெல்லாம் எடுத்துடலாம் சார். தலைமை நெறியாளர்னு போட்டா, என்ன நெறிப்படுத்துனீங்கன்னு கேப்பாங்க. அதையும் எடுத்துடலாம்."

"எடுத்துடுங்க."

"அலுவலர்னு போடலாமா?"

சக்கரவர்த்தி நேர்மையாக யோசித்தார். "அலுவல்னு உள்ள வருதே."

அவள் தட்டச்சு செய்தாள். அழித்தாள். மறுபடி தட்டச்சு செய்து திரையை அவர் பக்கம் திருப்பினாள். பெரிய எழுத்தில் இரண்டே சொற்கள் இருந்தன.

சக்கரவர்த்தி. இருக்கிறார்.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் திரும்பியது. "இதுல எவனாலயும் ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாது," என்றார். ஊழியர்கள் எல்லோருக்கும் அதே மாதிரி அடிக்கச் சொல்லிப் பட்டியல் வாசித்தார்.

ஆய்வுக் குழு வந்தது. பலகையைப் படித்தார்கள். ஆளைப் பார்த்தார்கள். இருந்தார். கழித்துப் பார்த்ததில் மீதி ஒன்றும் வரவில்லை. திருவண்ணாமலை கிளைக்கு மாநிலத்திலேயே முதலிடம் கிடைத்தது. குழு எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் திரும்ப வரலாம் என்பதால், பிறகு அந்த மண்டபத்தில் ஒருவரும் இருக்கையை விட்டு எழுவதில்லை. நாற்காலியிலேயே சாப்பாடு வந்தது. இருக்க வேண்டியவர்கள் இருந்துகொண்டே இருந்ததால், எந்தக் கடைக்கும், எந்த லாட்ஜுக்கும், எந்த கிரைண்டருக்கும் சோதனைக்கு வர ஆள் இல்லாமல் போயிற்று. கார்த்திகை முகூர்த்தங்களுக்கு ஆதிலட்சுமியின் கம்ப்யூட்டர், வேலை இருந்தபோது வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு, இல்லாதபோது அடங்கிக் கிடந்து, தன் பாட்டுக்கு ஆல்பங்களைச் செய்து தள்ளியது.

தருமன் மட்டும் தினமும் சாயங்காலம் சந்திரம்மாள் கடைக்கு வந்து காபி குடித்தார். ஆபீஸில் தேட மாட்டார்களா என்று அவள் கேட்டதற்குத் தன் சட்டைப் பையில் ஒட்டியிருந்ததைத் தட்டிக் காட்டினார். பட்டியல் வாசித்த அன்று மாலையே ஆதிலட்சுமியிடம் தனியாக வந்து சொல்லி அடித்துக்கொண்டு போனது அது.

தருமன். வெளியே போயிருக்கிறார்.